நுரையீரலில் இரத்தக்கட்டி வந்த அப்பாவுக்கு இனி எப்படி இருக்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு வயது 58; செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். இடது கால் இரண்டு வாரமாக வீங்கியிருந்ததைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் மூச்சு முட்டி விழுந்தவரை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி என்று கண்டறிந்து, ஒரு வாரம் வைத்திருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் அறுவை சிகிச்சையோ, எலும்பு முறிவோ, நெடுநாள் படுக்கையோ எதுவும் இல்லை. மூன்று மாதம் முடியப்போகும் இந்த வேளையில், “எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை போதும்” என்கிறார் அப்பா; “நுரையீரலில் இரத்தம் கட்டினவர் அதிக நாள் தாங்கமாட்டார்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அவர் எவ்வளவு காலம் இருப்பார், நோய் திரும்ப வருமா, மாத்திரை வாழ்நாள் முழுதுமா, மேடு ஏறினால் வாங்கும் மூச்சு சரியாகுமா, வேலைக்குப் போகலாமா, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்று மகள் கேட்கிறார்.

நான் அரசாங்க மருத்துவமனையில் 27 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன்; அதில் பெரும்பகுதி, இரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவர்களுக்கான கிளினிக்கில் கழிந்தது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது என்பதை ஏட்டிலிருந்து மட்டும் தெரிந்துகொண்டவன் அல்லன். அப்பாவின் கோப்பைப் பார்க்காமல் இன்ன மருந்து இன்ன அளவு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அக்கம்பக்கத்தார் பேச்சை எடுத்துக்கொள்வோம். அது சிகிச்சை இல்லாத காலத்துக்கு உண்மை. 1960-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டான் என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், மற்றதற்குக் கொடுக்கவில்லை. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் கட்டியாலேயே இறந்தார்கள், இன்னும் 5 பேருக்கு அது திரும்ப வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் அந்தக் கட்டியால் ஒருவரும் இறக்கவில்லை. ஆபத்து மிகுந்த காலம் முதல் சில நாள்களும் முதல் சில வாரங்களும்தான், அதை உங்கள் அப்பா கடந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவர் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய இதயம், சிறுநீரகம், நீரிழிவு, மறைந்திருக்கும் வேறு நோய் ஆகியவையே முடிவு செய்கின்றன. ஆகவே எத்தனை ஆண்டு என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. கலங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது மூன்றாம் மாதத்தில் வரும் அந்த மருத்துவச் சந்திப்பு. அதற்குப் போகாமல் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதுதான் எனக்குத் தெரிந்தவரை தோட்டத்து நோயாளிகளுக்கு நேரும் பெரிய தீங்கு.

மூன்று மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், கட்டி எப்படிப்பட்டதாக இருந்தாலும் குறைந்தது அவ்வளவு காலமாவது மருந்து வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள மருத்துவ வழிகாட்டிகள் ஒத்துக்கொள்ளும் அளவு. மருந்து பழைய கட்டியைக் கரைப்பதில்லை; அது மேலும் வளராமலும் புதிதாக ஒன்று உண்டாகாமலும் தடுத்து வைக்கிறது, அந்த அவகாசத்தில் உடலே கட்டியை மெல்ல அரித்துக் கரைக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் முடியும் வேளையில், “இனி இது திரும்ப வருமா?” என்ற வேறொரு கேள்வி எழுகிறது. அதற்கான பதில், கட்டி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது.

இடுப்பு எலும்பு முறிந்தோ பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகோ வந்த கட்டி என்றால், காரணம் வந்தது, போய்விட்டது. மூன்று மாதத்தோடு நிறுத்தினால் அடுத்த ஓராண்டில் திரும்ப வருவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். உங்கள் அப்பாவுடையது அப்படி அல்ல. வெளிப்படையான காரணம் இல்லாமல் வந்த கட்டி அது. இத்தகைய 7,515 நோயாளிகளை உள்ளடக்கிய 18 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த கணக்கின்படி, மருந்தை நிறுத்திய பிறகு முதல் ஆண்டில் நூற்றில் 10 பேருக்கும், ஐந்து ஆண்டுக்குள் 25 பேருக்கும், பத்து ஆண்டுக்குள் 36 பேருக்கும் திரும்ப வந்திருக்கிறது. ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம். பத்து ஆண்டுக் கணக்கில் ஆண்களில் 41 பேர், பெண்களில் 29 பேர். திரும்ப வந்தவர்களில் நூற்றுக்கு 4 பேர் அதனாலேயே இறந்தார்கள். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் முறை காலோடு நின்றவர்களுக்குத் திரும்ப வரும்போது பெரும்பாலும் காலிலேயே வரும். முதல் முறை நுரையீரலுக்குப் போனவர்களுக்கு மறுபடியும் நுரையீரலுக்கே போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம்.

58 வயது ஆண், காரணம் தெரியாத கட்டி, அதுவும் நுரையீரலில் என்று இவை மூன்றும் சேரும்போது, இரத்தப்போக்கு அபாயம் பெரிதாக இல்லையென்றால் மருந்தைக் காலவரையறை இல்லாமல் தொடருவதையே பெரும்பாலான மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். என் கருத்தும் அதுவே. ஆனால் “வாழ்நாள் முழுதும்” என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா மலைத்துப்போவார் என்பதால், அதை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் முடிவாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் இரத்தப்போக்கு, சிறுநீரகம், அவருடைய விருப்பம் எல்லாவற்றையும் பார்த்துத் தொடர்வதா வேண்டாமா என்று மருத்துவரோடு தீர்மானிக்கலாம். ஆறு மாதம் கடந்த பிறகு, தகுந்தவர்களுக்கு ரிவராக்சபானை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாகவும், அதே வகை மாத்திரையான அப்பிக்சபான் எடுப்பவர்களுக்கு 5 மில்லிகிராம் இரு வேளையை 2.5 மில்லிகிராம் இரு வேளையாகவும் குறைக்க முடியும். 2013-இல் வெளிவந்த அப்பிக்சபான் ஆய்வில், மருந்தை நீட்டிக்காதவர்களில் ஓராண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்குக் கட்டி திரும்பியது. குறைந்த அளவில் நீட்டித்தவர்களில் 2 பேருக்கும் குறைவு.

மறுபக்கமும் இருக்கிறது. நீண்ட காலம் மருந்து எடுப்பவர்களில் பெரிய இரத்தப்போக்கு நேர்வது, வார்ஃபரின் எடுக்கும் நூறு பேரில் ஆண்டுக்கு 1.7 பேர் அளவிலும், ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகளில் 1.1 பேர் அளவிலும் இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர், சிறுநீரகம் தளர்ந்தவர், முன்பே வயிற்றுப்புண்ணால் இரத்தம் போனவர், கூடவே ஆஸ்பிரின் எடுப்பவர் ஆகியோருக்கு இது கூடும். மலேசியாவில் இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதால், சிறுநீரகச் சோதனையை நான் ஒரு சடங்காக நினைப்பதில்லை. புதிய மாத்திரைகளின் அளவே அதைப் பொறுத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது.

மாத்திரையைப் பற்றி இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, ரிவராக்சபான் 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். விரதம் இருப்பவர்கள் இதை அறிவதில்லை. தைப்பூச விரதத்தில் ஒரு வேளைதான் உணவு என்றால், அந்த வேளையோடு மாத்திரை சேர வேண்டும். பழமும் பாலும் மட்டும் எடுத்துக்கொள்ளும் நாள்கள் என்றால் முன்கூட்டியே மருந்தாளுநரிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, இந்த மருந்தின் வேலை ஏறக்குறைய ஒரு நாளோடு தீர்ந்துவிடும். வார்ஃபரின் என்றால் நிறுத்திய பிறகும் சில நாள் தாக்கம் இருக்கும். இதில் அந்த அவகாசம் இல்லை. மாத்திரை தீர்ந்து, அடுத்த சம்பளம் வரட்டும் என்று நான்கு நாள் விட்டால், அந்த நான்கு நாளும் காப்பு இல்லாத நாள்கள்.

அப்பாவை வார்ஃபரினுக்கு மாற்றும் நிலை வரலாம். அரசாங்க மருத்துவமனைகளில் நெடுங்காலம் அதுவே பெருவழக்காக இருந்தது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்ற ஒருவகை உறைவுக் கோளாறு சோதனையில் தெரிந்தால் புதிய மாத்திரைகளைவிட அதுவே பாதுகாப்பானது. அப்போது, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனையை அடிக்கடி எடுத்து, அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரை சாப்பிடக் கூடாது என்று பலர் சொல்வது தவறு. முருங்கைக் கீரையோ கங்கோங் கீரையோ வாரத்தில் வழக்கமாக எவ்வளவு உண்டோ அவ்வளவே உண்ணலாம், திடீரென்று கூட்டுவதோ குறைப்பதோதான் அளவைக் குலைக்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் வார்ஃபரின் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். தம் இளமையில் செம்பனை மரத்தடியில் எலிக்கு வைத்த விஷக் கட்டியில் இருந்ததும் அதுவே என்பதை அவர் மறக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். எலியைக் கொல்லும் அளவு வேறு, மனிதனைக் காக்கும் அளவு வேறு, அந்த வேறுபாட்டைக் காப்பதற்காகத்தான் இந்தச் சோதனை என்று விளக்க எனக்கு மூன்று சந்திப்புகள் ஆயின. அதன் பிறகு ஒரு சோதனையைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

இனி மூச்சு வாங்குவதைப் பற்றி. என் பார்வையில் மகள் கேட்ட கேள்விகளில் இதுவே முக்கியமானது. “வயதாகிவிட்டது” என்ற சொல்லால் எளிதில் மூடப்படுவதும் இதுவே. கனடாவில் 100 நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் உடலுழைப்புத் திறன் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழேயே இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் நுரையீரலில் எஞ்சிய அடைப்பு அல்ல. நோய்க்குப் பிறகு அஞ்சி அசையாமல் இருந்ததால் உடல் தளர்ந்துபோனதே. இவர்களுக்கு மருந்து நடைதான். மருத்துவர் தடுக்காதவரை, முதலில் லயத்தைச் சுற்றி பத்து நிமிடம், பிறகு பதினைந்து, பிறகு கோயில் வரை என்று வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போகலாம். நடந்தால் கட்டி கிளம்பிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை; முறையாக மருந்து எடுப்பவருக்கு நடை நன்மையே செய்யும்.

ஆனால் ஒரு சிறு பிரிவினருக்குக் கட்டி முழுதும் கரையாமல், தழும்பைப் போலக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியைக் குறுக்கிவிடுகிறது. இதயத்தின் வலப்பக்கம் அந்தக் குறுகிய வழியில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி, மாதங்கள் செல்லச் செல்லத் தளர்கிறது. ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் இது நூற்றில் 2.3 பேருக்கு வந்திருந்தது. எண் சிறியதுதான். என்றாலும் கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கும் நோய் இது, கண்டுபிடித்தால் குணமாக்கவும் வழி இருக்கும் நோய். நுரையீரல் குழாயைத் திறந்து, உடலைக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அந்தத் தழும்பை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அது முடியாதவர்களுக்குப் பலூன் கொண்டு குழாயை விரிக்கும் முறையும், 2013-இல் ஒப்புதல் பெற்ற ரியோசிகுவாட் என்ற மாத்திரையும் இருக்கின்றன. இவையெல்லாம் சிறப்பு மையங்களில் செய்யப்படுபவை. அங்கே போய்ச் சேர முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டும். ஐரோப்பியப் பதிவேடு ஒன்றில், முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடையில் நோயாளிகளில் பாதிப் பேருக்கு 14 மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. பெரிய மருத்துவமனைகள் அருகிலிருக்கும் நாடுகளிலேயே அப்படி என்றால், ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டியவர்கள் தாங்களாகவே வாய் திறந்து சொல்வது எவ்வளவு அவசியம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சந்திப்புக்குப் போகும்போது “பரவாயில்லை” என்று அப்பாவைச் சொல்ல விடாதீர்கள். நோய்க்கு முன் நிற்காமல் ஏறிய மேட்டில் இப்போது எத்தனை முறை நிற்கிறார், முன்பு களைக்காமல் செய்த எந்த வேலையில் இப்போது களைக்கிறார், கால் மாலையில் வீங்குகிறதா, எப்போதாவது மயக்கம் வருவதுபோல் இருந்ததா என்று எழுதி எடுத்துப் போங்கள். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து எடுத்த பிறகும் மூச்சு வாங்குகிறது என்றால், இதய எக்கோ ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதில் அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தால், நுரையீரலில் காற்றும் இரத்தமும் எங்கெங்கே சேர்கின்றன என்று காட்டும் ஸ்கேன் அடுத்த படி. மூச்சுக் கோளாறு இல்லாதவருக்கு இந்தச் சோதனைகள் எல்லாம் கட்டாயமில்லை.

அதே சந்திப்பில் இன்னொன்றையும் கேட்கலாம். காரணம் தெரியாமல் கட்டி வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு அடுத்த ஓராண்டுக்குள் புற்றுநோய் தெரியவருகிறது. கட்டிதான் அதன் முதல் அறிகுறி. தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுப்பதால் பயன் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உடல் பரிசோதனை, அடிப்படை இரத்தச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, வயதுக்குரிய சோதனைகள் போதும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனை சுகாதார கிளினிக்குகளிலேயே உண்டு. அப்பாவின் எடை காரணமின்றிக் குறைந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கால் வீக்கம் முற்றிலும் போகாமல் இருக்கலாம். காலில் கட்டி வந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 50 பேர் வரை நாள்பட்ட வீக்கம், கனம், தோல் கருமை ஆகியவற்றை அனுபவிக்கிறார்கள். இறுக்கமான காலுறை வலியைத் தணித்தால் அணியலாம். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது மட்டும் இனி வேண்டாம். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினால் அதே நாளில் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, மூச்சு அனுமதித்தால் திரும்பலாம். ஆனால் குலை வெட்டுவது இந்த மருந்தோடு எளிதல்ல. நீண்ட கம்பில் கட்டிய அரிவாள், மேலிருந்து விழும் மட்டை, முள் என்று மற்றவருக்குச் சிறு காயமாக முடிவது இவருக்கு நெடுநேரம் இரத்தம் கசியும் காயமாகும். தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். மண்டோரிடம் பேசி, உதிரிப் பழம் பொறுக்கும் வேலையோ பராமரிப்பு வேலையோ கிடைத்தால் நல்லது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் தோட்டத்துப் பாதையில் போகும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இனி வேலை செய்யவே முடியாது என்று மருத்துவர் கருதினால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு 60 வயதுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளே உள்ளன.

உடம்பு வலிக்குப் பொன்ஸ்டானும் வோல்டரனும் தோட்டத்தில் அரிசி பருப்பைப் போலப் புழங்குகின்றன. இந்த மருந்தோடு அவை வயிற்றில் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். அளவாகப் பனடோல் போதும். சீன வைத்தியரான சின்சே தரும் மருந்து, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, ஜின்செங் எதையும் மருந்தாளுநரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்: டிங்கி என்றால் இரத்தத் தட்டணுக்கள் குறையும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. கிளினிக்கில் முதல் வாக்கியமே “இவர் இரத்தக்கட்டிக்கு மருந்து எடுக்கிறார்” என்பதாக இருக்கட்டும். மலம் கறுத்துப்போவது, சிறுநீர் சிவப்பது, கடும் தலைவலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றுக்கு 999.

இந்த நோய் மனத்திலும் ஒரு பயத்தை விட்டுச் செல்கிறது. சிறு இருமல் வந்தாலும் மறுபடி வந்துவிட்டதோ என்று இரவில் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அப்பா சொல்வதற்கு உள்ளேயும் அந்தப் பயம் இருக்கலாம். மாத்திரையை நிறுத்துவது நோயே இல்லை என்று தமக்குத் தாமே காட்டிக்கொள்ளும் வழியாக இருக்கலாம். அவரைக் கண்டிப்பதைவிட, என்ன பயம் என்று கேட்பது பலன் தரும். என்னிடம் வந்துகொண்டிருந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மா, இரண்டாம் மாதத்தில் சுகமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், மகனும் லீவு எடுக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஐந்து வெள்ளிக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. போய்வரும் நாள்தான் சுமை. ஏழு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தது அவசர வண்டியில். பிழைத்துக்கொண்டார், ஆனால் முன்புபோல் மரம் வெட்டப் போக முடியவில்லை. பக்கத்துக் கிளினிக்கிலேயே மாத்திரை வாங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று அவர் கேட்டிருந்தால் வழி செய்திருப்போம். நீங்கள் கேளுங்கள்.

உங்களுக்காகவும் ஒரு வார்த்தை. அப்பாவுக்குக் காரணமில்லாமல் கட்டி வந்ததால், மகளாகிய உங்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். கருத்தடை மாத்திரை எடுப்பதாக இருந்தாலோ, கருவுற்றாலோ, அறுவை சிகிச்சை ஏதும் வந்தாலோ இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு வருவோம். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்வரை அலகு குத்துவதோ உடம்பில் கொக்கி மாட்டுவதோ கூடாது. அதற்காக மருந்தை இரண்டு நாள் நிறுத்துவதும் கூடாது. மூச்சு சீராக இருந்து, மருத்துவரும் சரி என்றால், ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து நடக்கலாம்: அதிகாலைக் குளிர்ச்சியில் கிளம்பி, வழியெல்லாம் தண்ணீர் குடித்து, களைத்தால் உட்கார்ந்து எழுந்து, பக்கத்தில் நீங்களோ உங்கள் தம்பியோ கூடவே நடக்க வேண்டும். அன்று விரதம் முடித்து முதலில் சாப்பிடும் சாப்பாட்டோடு அப்பாவுக்கு மாத்திரையைக் கொடுங்கள்.